ஆறு ஆண்டுகள், ஒரு குளிர்பெட்டி, ஒரு பிளக்

மெல்பர்னில் இருக்கும் நண்பர் ஒருவர் வரும் ஜூலையில் குடும்பத்தோடு நடு ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தை வண்டியில் கடக்கத் திட்டமிட்டிருக்கிறார். நான் ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கும், வண்டியின் பேட்டரியில் ஓடும் 45 லிட்டர், 12 வோல்ட் குளிர்பெட்டியின் விலை இப்போது மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்று கேட்டு எழுதினார். அவர் கேட்ட அதே வாரத்தில்தான் என் பெட்டி பழுதுபார்க்கும் கடையிலிருந்து திரும்பி வந்திருந்தது. ஆகவே நான் நடுநிலையான மனநிலையில் இதை எழுதுகிறேன் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பெட்டிக்குச் சேர வேண்டிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குளிர்விப்பதில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் கம்ப்ரசர் ஆறு ஆண்டுகளில் ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. மணல்மேட்டின் மீது வண்டி மூக்கை உயர்த்தி ஏறும்போதும், உச்சியைத் தாண்டித் தலைகுப்புற இறங்கும்போதும் அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். எரிவாயுவில் இயங்கும் பழைய வகைக் குளிர்பெட்டிகளைச் சமதளத்தில் நிறுத்தினால்தான் ஒழுங்காகக் குளிரும். கம்ப்ரசர் பெட்டிக்கு அந்தக் கவலை கிடையாது. சிம்ப்சனில் இது சிறிய வசதியல்ல. அங்கே 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகள் வடக்கு தெற்காக வரிசைகட்டி நிற்கின்றன. ஃபிரெஞ்ச் லைன் என்னும் பாதை 1960-களில் எண்ணெய் தேடிய நிறுவனம் ஆய்வுக்காக மேற்கு கிழக்காக நேராகப் போட்ட தடம் என்பதால், வளைந்து விலகிப் போகாமல் குறுக்கிடும் ஒவ்வொரு மேட்டின் மீதும் ஏறி இறங்குகிறது. நான்கு நாள் அப்படி ஏறி இறங்கிய பின்னும், பாலைவனத்தின் கிழக்கு ஓரத்து ஊரான பர்ட்ஸ்வில்லுக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் நிற்கும் பிக் ரெட் என்ற பெரிய சிவப்பு மேட்டின் உச்சியில், அடிலெய்டில் வீட்டில் உறையூற்றிய தயிரைப் புளிக்காமல் எடுத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டோம். அந்த உச்சியில், அந்த வெயிலில், பல் கூசும் குளிர்ச்சியோடு இருந்த அந்தத் தயிர்ச்சோற்றை நான் மறக்க மாட்டேன்.

இவ்வளவு நல்ல பெட்டிக்கு உயிர் கொடுக்கும் வயரின் முனையில் அவர்கள் வைத்திருப்பது சிகரெட் லைட்டர் பிளக்.

இந்த ஒன்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியில் ஒரு சிறிய உலோக முளை இருக்கும்; அதன் பின்னால் ஒரு சுருள்வில். பக்கவாட்டில் இரண்டு மெல்லிய தகடுகள் காது போலப் புடைத்து நிற்கும். சாக்கெட்டுக்குள் செருகியதும் நுனியிலுள்ள சுருள்வில் சாக்கெட்டின் அடித்தளத்தை உதைக்கிறது. அதாவது தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டு காதுத் தகடுகளின் உராய்வு மட்டுமே. அந்த சாக்கெட் முதலில் எதற்காக வந்தது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. உள்ளே அழுத்திய லைட்டர் சூடேறியதும் தானாகவே வெளியே துள்ள வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட குழி அது. தார்ச்சாலையில் கைப்பேசிக்கு மின்னேற்ற அது போதும். ஆனால் சிம்ப்சனுக்குப் போகும் வழி தார்ச்சாலையல்ல. மாரியிலிருந்து மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர் நீளும் ஊட்நடாட்டா டிராக் மண்சாலை. வண்டிகளின் ஓட்டத்தால் அதன் குறுக்கே வரிவரியாகச் சிறு மேடுகள் எழுந்திருக்கும், கொரகேஷன் என்பார்கள். அதன் மீது மணிக்கணக்கில் ஓடும்போது வண்டியிலுள்ள ஒவ்வொரு திருகும் மெல்ல மெல்லக் கழல்கிறது. தன்னைத் தானே வெளியே தள்ளிக்கொள்ளும் ஒரு பிளக் அங்கே என்ன ஆகும் என்பதைத் தயாரிப்பாளர் ஒரே ஒரு நாள் ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்துகொண்டிருப்பார்.

எனக்கு அது தெரியவந்தது பெட்டி வாங்கிய இரண்டாம் ஆண்டில். ஊட்நடாட்டாவிலிருந்து பாலைவனத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் மவுண்ட் டேர் வரை ஒரு நாள் முழுவதும் அத்தகைய சாலையில் ஓட்டிவிட்டு, மாலையில் கூடாரம் அடிப்பதற்கு முன் பெட்டியைத் திறந்தேன். தயிர் டப்பாவின் மூடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. பெட்டியின் கண்ணாடித் திரை இருண்டு கிடந்தது. பிளக் சாக்கெட்டில்தான் இருந்தது. விரலால் தொட்டதும் நகத்தின் கனம் அளவே உள்ளே நகர்ந்தது. உடனே திரை ஒளிர்ந்தது; 17 பாகை என்று காட்டியது. காலையில் புறப்படும்போது அது 4 பாகையாக இருந்தது. பால், தயிர், கீரை எல்லாம் போனால் போகட்டும். அதே பெட்டியின் மேல்தட்டில் என் மனைவியின் இன்சுலின் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். மனைவி பதறவில்லை. மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் உயர்த்தி, கலங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "எப்போ நின்னுச்சுன்னு தெரியுமாங்க?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நாள் முழுவதும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரிய ஒரு வழியும் இருக்கவில்லை.

மவுண்ட் டேரிலிருந்து தொலைபேசியில் எங்கள் மருந்தாளுநரை அழைத்தோம். மருந்து கெடவில்லை; ஆனால் அன்றிலிருந்து அதைப் பயன்பாட்டுக்கு எடுத்த மருந்தாகக் கணக்கிட்டு 28 நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்றார். அது குளிர்காலமாக இருந்ததால் தப்பினோம். சிம்ப்சனின் தென் ஆஸ்திரேலியப் பகுதியை ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவிடுவதற்குக் காரணம் கோடை வெப்பம்தான். ஊட்நடாட்டாவிலேயே 1960 ஜனவரி 2 அன்று 50.7 பாகை வெப்பம் பதிவாகியிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட மாதங்களின் ஓரத்தில், மார்ச் இறுதியிலோ நவம்பரிலோ, இதே பிளக் இதே போல நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பிளக் நகர்வது ஒரு குறை என்றால், வயரின் மெலிவு இன்னொரு குறை. இரண்டும் சேர்ந்தே தொல்லை தருகின்றன. கம்ப்ரசர் ஓடும்போது என் பெட்டி ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கிறது. வண்டியின் முன்பக்க பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை 5 மீட்டர் என்றால், மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் 10 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அந்த 10 மீட்டரில் மட்டும் 0.85 வோல்ட் அளவுக்கு இழப்பு ஏற்படும். 8 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது 0.11 வோல்ட்தான். இரவில், எஞ்சின் ஓடாத நேரத்தில், பேட்டரி 12.3 வோல்ட்டில் நல்ல நிலையில் இருந்தாலும் மெலிந்த வயரின் மறுமுனையில் இருக்கும் பெட்டிக்கு 11.5-க்கும் குறைவாகவே தெரியும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அது தவறாக முடிவெடுத்து, பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். புதிதாக வாங்கியவர்கள் பலரும் பெட்டி பழுது என்றும் பேட்டரி பழுது என்றும் மாற்றி மாற்றி அலைவது இதனால்தான். நானும் ஒரு நல்ல பேட்டரியைத் தேவையில்லாமல் மாற்றினேன்.

அந்தப் பயணம் முடிந்து வந்ததும் செய்த முதல் வேலை, பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்றைத் தனியாக இழுத்து, பேட்டரியின் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, பின்பக்கத்தில் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் பொருத்தியதுதான். ஆண்டர்சன் பிளக்கின் இரண்டு பாதிகளும் ஒரே வடிவம். ஒன்றோடொன்று அழுந்தும்போது உள்ளிருக்கும் தகடுகள் வில்லின் அழுத்தத்தோடு கவ்விக்கொள்கின்றன. கழற்ற வேண்டுமானால் இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். அதற்குப் பிறகு வண்டிப் பக்கத்து இணைப்பு ஒரு முறையும் விடவில்லை. இதற்கு ஆன செலவு, பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. தயாரிக்கும்போதே செய்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும் என்பதே என் ஆற்றாமை.

ஆனால் வயருக்கு இரண்டு முனைகள். பெட்டியின் உடம்பில் வயர் சேரும் இடத்தில் அவர்களே வைத்த ஒரு சிறிய இரண்டு முள் சாக்கெட் இருக்கிறது. அதை நான் தொடவில்லை. உத்தரவாதக் காலம் முடியாமல் இருந்ததால் தொடத் தயங்கினேன். ஆண்டுகள் போகப் போக அந்தச் சாக்கெட்டும் இளகியது. இணைப்பு தளர்ந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும். மின்தடை கூடினால் சூடேறும். சூட்டில் பிளாஸ்டிக் இளகினால் இணைப்பு இன்னும் தளரும். கடைசியாக ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குப் போய்த் திரும்பிய அன்று, பெட்டியின் பக்கவாட்டில் காசளவு பழுப்பு வட்டம் ஒன்றைக் கண்டேன். வயரைப் பிடுங்கியபோது ஒரு முள்ளின் மேலிருந்த பிளாஸ்டிக் மெழுகு போல வழிந்து உறைந்திருந்தது. பழுதுபார்ப்பவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்த உடனேயே, "கம்ப்ரசர் இன்னும் பத்து வருஷம் ஓடும், இந்த சாக்கெட்தான் உங்களுக்கு எமன்" என்ற பொருளில் சொன்னார். சாக்கெட்டை அகற்றிவிட்டு, தடித்த வயரை உள்ளேயே நேரடியாக இணைத்து, மறுமுனையில் ஆண்டர்சன் வைத்துக் கொடுத்தார். இரண்டாம் ஆண்டில் நான் தயாரிப்பாளருக்கு எழுதியபோது வந்த பதில், அந்த பிளக் எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் பொதுவான வகை என்பதுதான். பொருந்துகிறதா என்று நான் கேட்கவில்லை. பொருந்திய பிறகு நிற்கிறதா என்றே கேட்டிருந்தேன்.

நண்பரின் திட்டத்துக்கு உதவும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் என் பெட்டிக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 40 ஆம்பியர் மணி தேவைப்படுகிறது. இரவில் பாலைவனமே குளிர்ந்துவிடுவதால் கம்ப்ரசர் அரிதாகவே ஓடும். பகலில் பின்கண்ணாடி வழியே விழும் வெயில்தான் அதை வேலை வாங்குகிறது. கண்ணாடிக்கு ஒரு திரை போட்டாலே கணிசமாகக் குறையும். 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். ஆகவே ஓட்டாமல் தங்கும் நாள் ஒன்றைத் தாங்கும். இரண்டாம் நாள் தாங்காது. மணல்மேடுகளில் நாள் முழுவதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருப்பதால் மின்னேற்றத்துக்குக் குறைவிருக்காது. டல்ஹவுசியின் வெந்நீர் ஊற்றில் நாள் கணக்கில் ஊறிக் கிடக்கலாம் என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள். அங்கேதான் பேட்டரி தீரும். அங்கே தங்குவதாக இருந்தால் சூரியத் தகடு ஒன்றை எடுத்துச் செல்ல வேண்டும்.

மற்றவை நண்பருக்கே தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மவுண்ட் டேருக்கும் பர்ட்ஸ்வில்லுக்கும் இடையே ஃபிரெஞ்ச் லைன் வழியாக ஏறத்தாழ 500 கிலோமீட்டர். நடுவில் டீசல் கிடையாது. சாலையில் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் எங்கள் வண்டி மணலில் 20 லிட்டருக்கு மேல் குடித்தது. மேற்கிலிருந்து கிழக்கே போவது எளிது; மேடுகளின் மேற்குச் சரிவு மென்மையானது, கிழக்குச் சரிவு செங்குத்தானது. வண்டியின் முன்னால் தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் கொடி கட்டாயம். வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவை 10-ஆம் அலைவரிசையில் வைத்து, மேட்டில் ஏறும் முன் எதிரே வருபவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். பூங்கா அனுமதிச்சீட்டைப் புறப்படும் முன்பே வாங்கிவிட வேண்டும். இவற்றையெல்லாம் எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும், உணவும் மருந்தும் ஒரு சுருள்வில்லின் தயவில் இருக்கிற வரையில் திட்டம் முழுமையாகாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்சுலின் பற்றி இன்னொன்று. இப்போது நாங்கள் குளிர்பெட்டியில் பாதியையும், ஈரம் ஆவியாவதால் குளிரும் துணிப்பையில் பாதியையும் பிரித்து வைக்கிறோம். பெட்டிக்குள் இருக்கும் கம்பியில்லா வெப்பமானி ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் இருக்கும் சிறு திரையில் வெப்பநிலையைக் காட்டுகிறது. 10 பாகையைத் தாண்டினால் ஒலிக்கும். இந்த வெப்பமானியை வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம். மருந்தைப் பெட்டியின் அடித்தட்டில், சுவரை ஒட்டி வைக்கவும் கூடாது. அங்கே உறைநிலை வரை குளிர்கிறது, உறைந்த இன்சுலின் பயன்படாது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் இது நல்ல பெட்டி. ஆறு ஆண்டுகள், மூன்று பெரிய பயணங்கள், எண்ணற்ற சிறு பயணங்கள். உள்ளே வைத்ததைக் குளிர்விக்கத் தவறியதே இல்லை, மின்சாரம் கிடைத்த வரையில். விலையும் இறங்கியிருக்கிறது. ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். புதிதாக விற்கும் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே பிளக், அதே இரண்டு முள் சாக்கெட். ஆறு ஆண்டில் நிறத்தை மாற்றியவர்களுக்கு அதை மாற்றத் தோன்றவில்லை.

அவருக்கு ஜூலையில் பெட்டி வேண்டும் என்பதால், என்னுடையதையே எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். அவர் வண்டியின் பின்பக்கத்தில் தடித்த வயர் இழுத்து ஆண்டர்சன் பொருத்திய பிறகுதான் கொடுப்பேன் என்றும் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அந்த வேலைக்காக அடிலெய்டுக்கு வருகிறார்.