தரைத்தளமா, மாடியா? வாடகை வீட்டுக்கு எந்த இன்சூரன்ஸ்

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது, சென்னை வியாசர்பாடியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முட்டி அளவு தண்ணீர். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோவின் அடித்தட்டுத் துணிமணி எல்லாம் போச்சு. வீட்டுக்காரர் கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் வைத்திருந்தார், நமக்கும் ஏதாவது தேறும் என்று நினைத்தேன். தேறவில்லை. அவர் பாலிசி அவர் சுவருக்கு. என் ஃபிரிட்ஜ் அதில் எப்படி வரும்?

அமெரிக்காவில் பல வீட்டுக்காரர்கள் வாடகைக்கு வருபவரிடம் இன்சூரன்ஸ் கேட்டு அக்ரிமென்ட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். இங்கே அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. நம்மூரில் அந்த இடத்தில் அட்வான்ஸ் இருக்கிறது. ஆனால் அது வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு, நமக்கு இல்லை. வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

சரி, நாமே எடுப்பதென்றால் இரண்டு வழி.

முதலாவது பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி. 2021 ஏப்ரல் 1 முதல் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். வீடு சொந்தமில்லாவிட்டாலும் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைவது எல்லாம் அடக்கம். எனக்குப் பிடித்தது ஒன்று: மூன்று லட்சம் பொருளை இரண்டு லட்சம் என்று குறைத்துப் போட்டிருந்தாலும், அதைக் காட்டி நஷ்டத்தொகையில் வெட்ட மாட்டார்கள். இரண்டு லட்சம் வரை முழுசாகக் கேட்கலாம். ஓட்டை திருட்டில்தான். வெள்ளமோ தீயோ வந்து 7 நாளுக்குள் திருட்டுப் போனால்தான் பணம். சாதாரண நாளில் பூட்டை உடைத்தால் ஒன்றும் கிடையாது.

இரண்டாவது ஹவுஸ்ஹோல்டர்ஸ் பேக்கேஜ். இதில் கன்னக்களவையும் சேர்க்கலாம், மின்சாதனப் பழுதையும் சேர்க்கலாம். பிரீமியம் அதற்கேற்ப ஏறும். பூட்டு உடைந்த அடையாளமும் போலீஸ் எஃப்.ஐ.ஆரும் கேட்பார்கள். கதவைத் திறந்துபோட்டுப் போய்ப் பொருள் காணாமல் போனால் வாதாடிப் பயனில்லை.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர் பக்கம் தரைத்தளம் என்றால் நான் யோசிக்காமல் முதலாவதைச் சொல்வேன். அதுவும் ஐப்பசி மழைக்கு முன்னால். பெரம்பூரில் இரண்டாம் மாடி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போய் வீடு பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிறது என்றால் பேக்கேஜுக்குக் கூடுதல் காசு தகும். வாசலில் நிற்கும் பைக் இரண்டிலுமே வராது. அதற்குத் தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தால் வெள்ளத்தில் போனது போனதுதான்.

அப்புறம் கேஸ் புத்தகம். சிலிண்டர் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்களே எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டில், வீட்டுச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது, கேஸ் இணைப்பு பதிவான முகவரியில் விபத்து நடந்தால்தான். மூன்று வீடு மாறியும் பழைய வண்ணாரப்பேட்டை முகவரியிலேயே என் கேஸ் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் மாற்றினேன்.