காலாகா வாங்கப் போகிறீர்களா? கடைவீதி டிவி கேம் பெட்டியும் ஸ்விட்ச் பதிப்பும்

சேலம் கடைவீதியில் விற்கும் டிவி கேம் கேசட்டின் அட்டையில் ஆயிரக்கணக்கில் எண் போட்டிருந்தாலும், மெனுவைப் புரட்டினால் அதே சில ஆட்டங்கள்தான் பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். அதில் காலாகா (கப்பலிலிருந்து பூச்சிக் கூட்டத்தைச் சுடும் விண்வெளி ஆட்டம்) இருக்கிறதென்று கடைக்காரர் சொன்னால், “ஒரு தடவை போட்டுக் காட்டுங்கண்ணா” என்று கேட்டுவிடுங்கள். பாதி நேரம் ஓடுவது அதன் அண்ணன், 1979-இல் வந்த காலக்சியன். கண்டுபிடிப்பது சுலபம்: சுட்ட குண்டு மறையும்வரை அடுத்தது கிளம்பாவிட்டால் காலக்சியன். காலாகாவில் இரண்டு குண்டு ஒரே நேரத்தில் திரையில் நிற்கும்.

நாம்கோ நிறுவனம் 1981-இல் விட்ட காலாகா, நெட்டுக்குத்தான திரைக்காக எழுதப்பட்டது. அகலம் 224 புள்ளி, உயரம் 288. இந்த உயரம்தான் ஆட்டத்தின் உயிர். பூச்சி வளைந்து இறங்குவதைப் பார்த்து ஒதுங்க அவகாசம் கிடைப்பது அதனால்தான். நிண்டெண்டோவின் வீட்டு கேம் பெட்டியான ஃபேமிகாமுக்கு 1985-இல் வந்த பதிப்பு (கடைவீதிப் பெட்டியில் ஓடுவது இதன் நகல்) படுக்கைவாட்டுத் திரைக்கு மாறியது. புள்ளிக்கணக்கு வலப்பக்கம் ஒதுங்க, ஆடுகளம் குட்டையானது. குண்டு சீக்கிரம் வந்து சேரும். மற்றபடி நேர்மையான வேலை.

பெட்டியில் வேறு கோளாறுகள் உண்டு. பால் (PAL) என்ற டிவி முறைக்குச் செய்த பெட்டி நொடிக்கு 60-க்குப் பதில் 50 படம்தான் காட்டும். ஆட்டம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் நகரும். புதிய எல்சிடி டிவியில் மஞ்சள் ஏவி வயரைச் செருகினால், படத்தைப் பெரிதாக்க டிவி எடுக்கும் நேரத்தில் பட்டன் தாமதமாகப் பிடிக்கும். டிவியில் ‘கேம் மோட்’ போட்டால் கொஞ்சம் குறையும். பழைய படக்குழாய் டிவி வீட்டில் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள், இந்த வம்பே இல்லை.

அழுத்திப் பிடித்தால் தானே தொடர்ந்து சுடும் டர்போ பட்டனை நம்ப வேண்டாம். இரண்டு குண்டும் குறி தவறி மேலே போய்க்கொண்டிருந்தால் மூன்றாவது வராது. அந்த இடைவெளியில்தான் உங்கள் கப்பல் அடிபட்டுப் போகும்.

பூச்சித் தலைவன் கதிர் வீசிப் பிடித்துப்போன கப்பலை மீட்டால், இரண்டு கப்பல் சேர்ந்து சுடும். அந்த இரட்டைக் கப்பல் பிடிப்பது இப்படி. கைவசம் ஒரு உயிராவது மிச்சம் இருக்க வேண்டும். பச்சைத் தலைவன் சாக இரண்டு அடி. கதிர் விரிப்பதற்கு முன்பே ஒரு அடி கொடுத்து நீலமாக்கிவிட்டு, பிறகு கப்பலைப் பிடித்துப்போக விடுங்கள். அவன் மேலே வரிசையில் நிற்கும்போது சுட்டால் கப்பல் கைக்கு வராது. பாய்ந்து இறங்கும்போது சுட வேண்டும், சிவப்பாக மாறிய உங்கள் கப்பல் மேல் படாமல். கிடைத்த ஜோடிக்கு உடம்பும் இரட்டை என்பதால் அடிபடுவதும் அதிகம். ஆனால் 3, 7, 11 என்று வரும் போனஸ் சுற்றுகளில் 40 பூச்சியையும் வீழ்த்தி 10,000 புள்ளி எடுக்க இதைவிட்டால் வழி கடினம்.

ஏற்காட்டில் வீடு என்றால் கேசட்டைத் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். மூடுபனி ஈரத்தில் கேசட் விளிம்பிலுள்ள 60 உலோகப் பின்னும் கறுத்து, திரையில் வெறும் கட்டங்கள் தெரியும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் துருவைக் கூட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் செருகவும்.

குழந்தைகளுக்குப் பொழுதுபோக்கு என்றால் பெட்டி போதும். காலாகாவையே ஆட நினைப்பவர், கையிலும் எடுத்து ஆடக்கூடிய கேம் கருவியான நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு 2017-இல் வந்த ‘நாம்கோ மியூசியம்’ வாங்கலாம். அதில் இருப்பது காசு போட்டு ஆடும் கடை இயந்திரத்தில் ஓடிய ஆர்கேட் பதிப்பே. கூடவே ‘காலாகா 88’ம் உண்டு. படத்தைத் திருப்பும் வசதியும் இருக்கிறது. இருபக்கக் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, திரையை நெட்டுக்குத்தாக ஒரு சொம்பில் சாய்த்து வைத்தால் அந்தப் பழைய உயரம் திரும்பி வரும். ஸ்விட்சின் சொந்தக் கால் அந்த நிலையில் தாங்காது.