ரேப்பிட் பி.வி.எஸ்.ரி.யா, எம்.எஸ்.ரி.பி.யா: கலப்புச் சுவிட்ச்சுகளுக்கு எது பொருந்தும்?

கொள்ளுப்பிட்டியில் நான் பராமரிக்கும் அலுவலக வலையமைப்பில் முன்பு சிஸ்கோ நிறுவனத்தின் சுவிட்ச்சுகள் (கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் கருவிகள்) மட்டுமே இருந்தன. 2022இன் டொலர் தட்டுப்பாட்டுக் காலத்தில், பழுதானவற்றுக்குப் பதிலாகச் சந்தையில் கிடைத்ததையே வாங்க வேண்டியிருந்ததால், இன்று மூன்று நிறுவனங்களின் சுவிட்ச்சுகள் ஒரே கட்டடத்தில் இயங்குகின்றன. ரேப்பிட் பி.வி.எஸ்.ரி.யை விட்டு எம்.எஸ்.ரி.பி.க்கு நாங்கள் மாறியது இதனால்தான். சுவிட்ச்சுகளுக்கு இடையே தரவு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்காதபடி மேலதிகப் பாதைகளை அடைத்து வைத்து, தேவைப்படும்போது திறக்கும் முறைகள் இவை.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இவற்றுக்கு முந்திய பழைய எஸ்.ரி.பி. (ஸ்பானிங் ட்ரீ) முறையில், ஓர் இணைப்பு அறுந்தால் மாற்றுப் பாதை திறக்க 30 முதல் 50 விநாடிகள் வரை ஆகும். இவை இரண்டும் அதைவிட மிக விரைவாக மீள்கின்றன. எதைத் தேர்ந்தாலும் மைய சுவிட்ச்சுக்கு 4096 என்ற முன்னுரிமை எண்ணைக் (சிறிய எண்ணே முந்தும்) கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் இயல்பான 32768இல் விட்டால், மிகச் சிறிய மாக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) கொண்ட சுவிட்ச் ரூட், அதாவது பாதைகள் எல்லாம் கணிக்கப்படும் மூலச் சுவிட்ச், ஆகிவிடும். அது பெரும்பாலும் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் பழைய சுவிட்ச்சாகவே இருக்கும்.

ரேப்பிட் பி.வி.எஸ்.ரி. ஒவ்வொரு விலானுக்கும் (ஒரே சுவிட்ச்சுகளுக்குள் பிரித்து வைத்த தனி வலையமைப்பு) தனி மரத்தை, அதாவது சுற்று இல்லாத பாதை அமைப்பைத் தானே அமைத்துக்கொள்வதால், சிஸ்கோ மட்டும் உள்ள இடத்தில் அதுவே இலகுவானது. ஆனால் அது சிஸ்கோவின் சொந்த முறை. பொதுத் தரத்தை மட்டும் அறிந்த சுவிட்ச், விலான் 1இன் மரத்தில் மட்டுமே பங்கெடுக்கும். மற்ற விலான்களின் பி.பி.டி.யு.க்களை (மரத்தை அமைக்கச் சுவிட்ச்சுகள் பரிமாறும் செய்திகள்) புரிந்துகொள்ளாமல், பலருக்கு ஒருசேர அனுப்பும் சாதாரண மல்டிகாஸ்ட் போலக் கடத்திவிடும்.

பொதுத் தரமான எம்.எஸ்.ரி.பி., பல விலான்களை இன்ஸ்டன்ஸ் என்ற ஒரே மரத்தில் சேர்க்கிறது. இதில் முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்புத்தான். ரீஜன் (ஒரே அமைப்பைப் பகிரும் சுவிட்ச் குழு) பெயர், அந்த அமைப்பின் ரிவிஷன் எண், எந்த விலான் எந்த இன்ஸ்டன்ஸில் என்ற பட்டியல் ஆகிய மூன்றும் எல்லாச் சுவிட்ச்சுகளிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரு சுவிட்ச்சில் மட்டும் ஒரு விலானை வேறு இன்ஸ்டன்ஸுக்கு மாற்றினால், அது அக்கணமே தனி ரீஜனாகப் பிரிந்து, மரம் மீண்டும் கணிக்கப்படும். இதற்காகவே விலான் 1 முதல் 99 வரையானவற்றை இன்ஸ்டன்ஸ் 1இலும், 100 முதல் 4094 வரையானவற்றை இன்ஸ்டன்ஸ் 2இலும் தொடக்கத்திலேயே எழுதிவிட்டோம். இப்போது புதிய விலான் சேர்க்கும்போது அந்தப் பட்டியலில் கைவைக்க வேண்டிய தேவையே இல்லை.

என் அனுபவம் ஒரே கட்டடத்துக்குள் அடங்கியது. பல வளாகங்களை இணைக்கும் வலையமைப்புக்கு இந்த இரு இன்ஸ்டன்ஸ் பிரிப்பை அப்படியே எடுத்துச் செல்ல நான் சொல்லமாட்டேன்.