கோர்ஸ் வாங்கினால் கமிஷன்: ‘அஃபிலியேட்’ என்ற பெயரில் பணம் போகும் வழி

வீட்டில் இருந்தே மாதம் ஐம்பதாயிரம், தினமும் கமிஷன், மேலதிகாரி தொல்லை இல்லை என்று ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கும் கோர்ஸ் கம்பெனிகளைப் பற்றிய பதிவு இது. அஃபிலியேட் என்றால் இன்னொருவரின் பொருளுக்கு லிங்க் பகிர்ந்து, அதன் வழியே விற்பனை நடந்தால் கமிஷன் பெறுவது. பணம் இழந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் ஊரும் கம்பெனிப் பெயரும்தான் மாறுகின்றன. நடந்த விதம் ஒன்றுதான். அதை அப்படியே வரிசையாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் அழைப்பது தெரிந்தவர்தான். பழைய கிளாஸ்மேட், மாமா பையன், பக்கத்து வீட்டு அக்கா. “ஒரு நல்ல ஆப்பர்ச்சூனிட்டி இருக்கு, ஃபோன்ல சொன்னா புரியாது, நைட் எட்டு மணிக்கு ஜூம்ல வா.” கம்பெனி பெயர் என்ன என்று கேட்டால் பதில் வராது. கூகுளில் தேடிவிடுவீர்கள் என்பதால் பெயரைச் சொல்லாதே என்றுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூமில் முதல் ஒரு மணி நேரம் கஷ்டப்பட்டு முன்னேறிய கதை, கார் சாவி, துபாய் போட்டோ. சாட் பாக்ஸில் ‘ரெடி சார்’, ‘பேமென்ட் டன்’ என்று வரிசையாக வந்து விழும். அதில் பலவற்றைப் போடுவது அவர்களுடைய ஆட்களே. வருமான ஸ்கிரீன்ஷாட்டையும் நம்ப வேண்டாம்: கம்ப்யூட்டர் பிரவுசரில் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ போய் எந்த எண்ணையும் அரை நிமிடத்தில் மாற்றலாம். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் விலை வரும். மூன்று பேக்கேஜ் காட்டி நடுவில் உள்ளதை வாங்க வைப்பார்கள். இன்று இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் விலை இரண்டு மடங்கு. கையில் காசு இல்லையா? “500 போட்டு சீட் லாக் பண்ணிடு.” அந்த 500 திரும்ப வராது என்று சொல்வார்கள். அதை விட மனசு வராமல்தான் மீதியையும் கட்டுகிறார்கள். அதுவும் முடியாதவர்களுக்கு ஒரு லோன் ஆப்பின் லிங்க் வரும்.

பணம் கட்டி உள்ளே போனால் சில மணி நேர வீடியோ இருக்கும்: மைண்ட்செட், கான்வாவில் போஸ்டர் செய்வது, இன்ஸ்டா பயோ எழுதுவது. யூடியூபில் இலவசமாகக் கிடைப்பவை. உண்மையான பாடம் மறுநாள் ‘ஆன்போர்டிங்’ அழைப்பில் தொடங்கும். தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுது. தினமும் ஸ்டேட்டஸ் வை. வருமானம் வராவிட்டாலும் வந்தது போலப் போடு. யாராவது விவரம் கேட்டால் ஜூமுக்கு வரச் சொல். அப்போதுதான் பலருக்கும் உறைக்கிறது, விற்க வேண்டிய பொருள் தாங்கள் வாங்கிய அதே கோர்ஸ்தான் என்று.

கணக்கைப் பார்த்துவிடலாம். பேக்கேஜ் ஜிஎஸ்டி சேர்த்து ரூ. 5,900 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீத வரி 900 போக அடிப்படை விலை 5,000. ‘70 சதவீத கமிஷன்’ என்பது இந்த 5,000 மீதுதான், 5,900 மீது அல்ல. ஆக 3,500. டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, 2 சதவீதம் போனால் கைக்கு 3,430. ஒருவரைச் சேர்த்தாலும் 2,470 ரூபாய் நஷ்டத்தில்தான் நிற்பீர்கள். இரண்டு பேரைச் சேர்த்தால்தான் போட்ட பணம் திரும்பும். அந்த இருவரும் ஆளுக்கு இருவரைச் சேர்க்க வேண்டும். 1, 2, 4, 8 என்று போனால் பத்தாவது அடுக்கில் 512 பேர். அதற்கு மேலே இருக்கும் ஒன்பது அடுக்கையும் கூட்டினால் 511 பேர். எந்த அடுக்கில் நின்றாலும் கடைசி அடுக்கின் தலை எண்ணிக்கை மேலே உள்ள அத்தனை பேரையும்விட ஒன்று கூடுதல். எல்லோரும் முழு மூச்சாக உழைத்து ஆளுக்கு இருவரைச் சேர்த்தாலும் பாதிப் பேருக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. “உழைச்சா கண்டிப்பா வரும்” என்ற பேச்சு இந்தக் கணக்கின் முன்னால் நிற்காது. 21-வது அடுக்குக்குத் தேவை 10,48,576 பேர்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. அமெரிக்காவில் ‘மோப்’ என்ற நிறுவனம் 49 டாலருக்கு 21 படிகள் கொண்ட பயிற்சி என்று தொடங்கி, படிப்படியாக ஆயிரக்கணக்கான டாலர் பேக்கேஜ்களுக்கு இழுத்தது. வாங்கியவர்கள் அதே திட்டத்தைப் பிறருக்கு விற்றுக் கமிஷன் பெறலாம் என்பதே அதன் ‘சிஸ்டம்’. 12.5 கோடி டாலருக்கு மேல் மக்களிடம் பறித்ததாக 2018-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி வழக்குப் போட்டு அதை நிறுத்தியது. 2022-ல் திருப்பிக் கொடுக்க முடிந்தது சுமார் 2.3 கோடி டாலர்.

நிஜமான அஃபிலியேட் எப்படி இருக்கும்? சேரக் கட்டணம் கிடையாது. அமேசானின் அஃபிலியேட் திட்டமான அசோசியேட்ஸில் கணக்குத் தொடங்க ஒரு பைசா வேண்டாம். ஆனால் 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது வராவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள், உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்குவது சேராது. ஒருவர் உங்கள் லிங்க்கைத் தொட்டபின் 24 மணி நேரத்துக்குள் கார்ட்டில் போட்டால்தான் அந்த விற்பனை உங்கள் பெயரில் வரும். பணம் வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும், ஏனென்றால் வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பலாம். ‘இன்று சேல், இன்றே பேமென்ட்’ என்று ஒருவர் சொன்னால், அங்கே திருப்பி அனுப்பும் பொருள் எதுவும் இல்லை, ரீஃபண்டும் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

வருமானமும் ரீல்ஸில் காட்டும் வேகத்தில் வராது. ஒரு விற்பனைக்கு 40 ரூபாய் கமிஷன் என்றால் 15,000 ரூபாய்க்கு 375 விற்பனை. லிங்க்கைத் தொடும் நூறு பேரில் மூன்று பேர் வாங்குவதாக வைத்தால் 12,500 கிளிக். படிப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் தொடுவதாக வைத்தால் மாதம் இரண்டரை லட்சம் வாசகர்கள். இதையெல்லாம் சேர்த்த பிறகும் கமிஷன் விகிதம் கம்பெனி கையில்தான்: 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் ஃபர்னிச்சருக்கு 8 சதவீதமாக இருந்ததை 3 ஆக்கியது. வாசகர்களை அனுப்பும் கூகுளும் அப்படித்தான், தேடலில் எதை மேலே காட்டுவது என்பது அதன் கையில். 2024 மார்ச்சில் கொத்தாகத் தயாரித்த வெற்றுக் கட்டுரைகள் மீது விதிகளை இறுக்கியது.

கோர்ஸ் வேண்டாம் என்று ஒதுங்குபவர்களைக் குறிவைப்பது இன்னொரு கூட்டம்: ‘ரெடிமேட் அஃபிலியேட் வெப்சைட், 20,000 ரூபாய், வந்ததும் சம்பாதிக்கலாம்’. இதில் இரண்டு இடத்தில் கை வைக்கிறார்கள். டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, தங்கள் பெயரிலேயே பதிந்துகொள்வார்கள். அடுத்த வருடம் ரெனிவலுக்கு அவர்கள் கேட்பதுதான் விலை. இரண்டாவது, சைட்டில் உள்ள அமேசான் லிங்க்குகள் உங்கள் கணக்குக்குப் போகின்றனவா என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு பொருளின் லிங்க்கை அழுத்தி, திறக்கும் பக்கத்தின் முகவரியை முழுசாகப் பாருங்கள். அதில் ‘டேக்’ (tag) என்ற சொல்லும் சமக்குறியும் வரும். அதற்கு அடுத்து உங்கள் அசோசியேட் பெயரும், இந்தியக் கணக்கு என்றால் கடைசியில் ஒரு கோடும் 21-ம் இருக்க வேண்டும். வேறு பெயர் இருந்தால் கமிஷன் வேறொருவருக்குப் போகிறது. முதல் பக்க லிங்க்குகளை மட்டும் சரியாக வைத்துவிட்டு உள்பக்கங்களில் மாற்றி வைப்பதும் உண்டு. பத்துப் பதினைந்து பக்கங்களையாவது தொட்டுப் பாருங்கள்.

ஹோட்டலுக்கு ரேட்டிங் கொடு, 150 ரூபாய் தருகிறோம் என்று வாட்ஸ்ஆப்பில் வந்து, பிறகு டெலிகிராமில் ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’ என்று பணம் கேட்பவர்களும் தங்களை அஃபிலியேட் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அது நேரடித் திருட்டு. பணம் போன நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறும்.

“நாங்க கவர்மென்ட் ரிஜிஸ்டர்டு” என்று காட்டும் காகிதங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜிஎஸ்டி எண், சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழ், கம்பெனிப் பதிவு ஆகிய எதுவுமே திட்டத்துக்கான அனுமதி அல்ல, கடை திறந்திருக்கிறது என்பதற்கான பதிவு மட்டுமே. அந்த ஜிஎஸ்டி எண்ணாவது உண்மையா என்று பார்க்கலாம். மொத்தம் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரியும். யுபிஐ-யில் பின் நம்பர் போடும் முன் வரும் பெயர் கம்பெனி பெயராக இல்லாமல் தனி ஆளின் பெயராக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சேர்ந்தவர்கள் அறிய வேண்டிய இன்னொன்று. ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் தரும் திட்டங்களை 1978-ம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் தடுக்கிறது. அதன் 3-வது பிரிவு நடத்துபவரை மட்டும் சொல்லவில்லை, உறுப்பினராகச் சேர்வது, அதற்காகப் பணம் வாங்குவது, அனுப்புவது எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. 2021-ன் நேரடி விற்பனை விதிகளும் பிரமிட் திட்டத்தையும் நுழைவுக் கட்டணத்தையும் தடுக்கின்றன. போட்டதை எடுக்க நாலு பேரைச் சேர்த்துவிட்டு விலகிவிடலாம் என்று நினைப்பவர்கள், அந்த நாலு பேரின் புகாரில் தங்கள் பெயரும் வரும் என்பதை யோசிக்கட்டும்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் முதலில் ஆதாரம். குரூப்பில் இருந்து உங்களைத் தூக்கும் முன் சாட்டை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வருமானம் உறுதி என்று சொன்ன வாய்ஸ் மெசேஜ், பேமென்டின் 12 இலக்க யுபிஐ எண், இன்வாய்ஸ், ரீஃபண்ட் விதி இருக்கும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வேண்டும். ரீஃபண்டை வாட்ஸ்ஆப்பில் மட்டும் கேட்காதீர்கள், இமெயிலும் அனுப்புங்கள். பல கம்பெனிகளின் விதியில் ‘இத்தனை சதவீதத்துக்கு மேல் வீடியோ பார்த்திருந்தால் ரீஃபண்ட் இல்லை’ என்று இருக்கும். அதனால் முடிவு எடுத்தபின் வீடியோவைத் திறக்க வேண்டாம்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் டிஸ்ப்யூட் போடலாம். லோன் ஆப் வழியாக என்றால் கோபத்தில் ஈஎம்ஐ-யை நிறுத்தாதீர்கள், சிபில் அடிபடும். கடன் கொடுத்தது யார் என்று கடன் விவரத் தாளான ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’டில் பாருங்கள். கடனை வேண்டாம் என்று விட்டுவிடக் கொடுக்கும் அவகாசமான கூலிங் ஆஃப் காலமும் அதிலேயே இருக்கும். அது முடியும் முன் என்றால் அசலையும் அந்தச் சில நாள் வட்டியையும் கட்டி அபராதம் இல்லாமல் வெளியேறலாம், ஆனால் அசலைப் புரட்ட வேண்டியிருக்கும். முடிந்துவிட்டால் கடன் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேன்.

அடுத்து 1915 நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘இவர் வியாபார நோக்கில் வாங்கினார், நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியதாகப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. புகார் போனதும் பாதிப் பணம் தருகிறோம், போஸ்டை எடுத்துவிட்டு வாபஸ் கடிதம் கொடுங்கள் என்று அழைப்பு வரலாம். பணம் கணக்கில் ஏறும் வரை எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.