கறிவேப்பிலைத் தொட்டியும் பத்து நாள் முன்னறிவிப்பும்: டெக்ஸாஸில் ஏழு குளிர்காலம்

எங்கள் வீட்டில் வானிலை முன்னறிவிப்பைச் சோதித்துப் பார்க்கும் கருவி ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. 2018லிருந்து டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறோம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை தொட்டி கொல்லையில் நிற்கும். ராத்திரி வெப்பநிலை 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது பூஜ்யம் செல்சியஸுக்குக் கீழே போனால் செடி கருகிவிடும். தொட்டியோ மண்ணோடு சேர்த்து முப்பது கிலோவுக்குக் குறையாது. அதனால் டிசம்பர் பிறந்தால் வீட்டில் தினமும் ஒரே கேள்விதான்: "ஏங்க, இன்னிக்கு உள்ள தூக்கணுமா, வேண்டாமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஏழு குளிர்காலமாக ஆப், வரைபடம், அரசு வானிலைச் சேவையின் பக்கம் என்று எதையெல்லாமோ பார்த்து, ஃபிரிட்ஜ் கதவில் காலண்டரைத் தொங்கவிட்டு "சொன்னது இது, நடந்தது இது" என்று குறித்தும் வைத்திருக்கிறேன். இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடும் குளிர் வருகிறது என்று ஐந்தாறு நாள் முன்பே சொன்னால் பெரும்பாலும் வந்துவிடுகிறது. இத்தனை அங்குலம் பனி விழும் என்று ஐந்தாறு நாள் முன்பே ஆப் காட்டினால், பார்த்துவிட்டுப் போய் வேறு வேலையைக் கவனிக்கலாம். இரண்டும் ஒரே திரையில், ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு நிற்கின்றன. எனக்குள்ள புகாரே அதுதான்.

முதல் இரண்டு குளிர்காலம் போனோடு வந்த ஆப் மட்டுமே பார்த்தேன். அடுத்த புதன்கிழமைக்குப் பனிப்பூ படம் போட்டிருக்கும், பிள்ளைகள் குதிப்பார்கள். திங்கட்கிழமை பார்த்தால் மேகமும் மழைத்துளியும் இருக்கும். புதன்கிழமை வெயில் அடிக்கும். சென்னையில் ரெட் அலர்ட் சொல்லி லீவு விட்ட நாளில் துணி காயப்போட்டவர்கள் நாங்கள், அதனால் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. செடியை ராத்திரி கராஜுக்குள் வைப்போம், காலையில் வெளியே வைப்போம். அது போதுமாக இருந்தது.

2021 பிப்ரவரியில் அந்தச் சுகம் போனது. இங்கே உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள்: வட துருவத்துக்கும் டெக்ஸாஸுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான் இருக்கிறது என்று. உண்மைதான். கனடாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று கனமானது, தரையோடு தரையாக வழிந்து வரும். மேற்கே ராக்கி மலை சுவராக நிற்பதால் சமவெளி வழியாக நேரே தெற்கே இறங்கிவிடும். அந்த ஜனவரித் தொடக்கத்திலேயே துருவத்துக்கு மேலே, பல மைல் உயரத்தில், காற்று திடீரென்று சூடேறியிருந்தது. அப்படி நடந்தால் கீழே துருவக் குளிர் சிதறி எங்காவது தெற்கே இறங்கும் வாய்ப்பு கூடும் என்று வல்லுநர்கள் வாரக்கணக்கில் முன்பே பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கே இறங்கும், என்றைக்கு இறங்கும் என்று மட்டும் அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு வாரம் முன்பே, வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாதிரிகளின் வரைபடங்களில் ஒற்றை இலக்க ஃபாரன்ஹீட் வந்துவிட்டது. என் ஆப்போ 22 என்று காட்டியது. மறுநாள் 18, அதற்கு மறுநாள் 14. ஏதோ தவணை முறையில் குளிர்வதுபோல இறங்கிக்கொண்டே போனது. ஏனென்று பிறகுதான் புரிந்தது. ஆள் பார்க்காமல் கணக்கு மட்டும் போடும் முன்னறிவிப்புகள் பல, நாள் தள்ளிப்போகப் போக அந்த ஊரின் வழக்கமான வெப்பநிலையை நோக்கிச் சாயும். சாதாரண வாரத்தில் அது புத்திசாலித்தனம். ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் வாரத்தில் அதுவே காலை வாரிவிடும். பிப்ரவரி 16 காலை டாலஸ் ஃபோர்ட்வொர்த் விமான நிலையத்தில் மைனஸ் 2. செல்சியஸில் மைனஸ் 19. 1949க்குப் பிறகு இந்த ஊர் கண்டிராத குளிர்.

அதற்கு முன்பே, 11ஆம் தேதி விடிகாலையில், ஃபோர்ட்வொர்த்தின் ஐ-35 மேற்கு நெடுஞ்சாலையில் 130க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி ஆறு பேர் இறந்தார்கள். பெய்ததென்னவோ கண்ணுக்குத் தெரியாத தூறல். அங்குலக் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் உறைநிலைக்குக் கீழே இருந்த சாலையில் விழுந்த மாத்திரத்தில் கண்ணாடியாகிவிட்டது. அன்றிலிருந்து ஆப்பில் "0.01" என்று பார்த்தாலும் நான் காரை எடுப்பதில்லை.

15ஆம் தேதி அதிகாலை கரண்ட் போனது. மாநிலம் முழுக்க 45 லட்சம் வீடுகளுக்கு மேல் இருண்டு கிடந்தன. மின் கட்டமைப்பே முழுதாக விழுந்துவிட இன்னும் 4 நிமிடம் 37 நொடிதான் பாக்கி இருந்தது என்று பின்னால் தெரிந்தது. வீட்டுக்குள் 43 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 6. கேஸ் அடுப்பு இருந்ததால் மூன்று நாள் ரசமும் சுக்குக் காப்பியுமாக ஓடியது. அம்மா திருநெல்வேலியிலிருந்து போன் போட்டு, "என்னப்பா, அமெரிக்காவுல கரண்ட் இல்லயாம்ல?" என்றார். நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். அரசுக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள், குளிரில் விறைத்தும், வீட்டுக்குள் வண்டியையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு அதன் புகையிலும். முன்னறிவிப்பு இதில் தோற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். டெக்ஸாஸின் 254 கவுன்டிகளுக்கும், அதாவது மாவட்டங்களுக்கும், எச்சரிக்கை போட்டிருந்தார்கள். நான்தான் கராஜ் போதும் என்று நினைத்தேன். செடியின் இலைகள் கறுத்து, கீரை வெந்ததுபோல மசிந்திருந்தன. வேரிலிருந்தாவது துளிர்க்கும் என்று மே மாதம் வரை தண்ணீர் ஊற்றினோம். துளிர்க்கவில்லை.

அதன்பிறகுதான் முன்னறிவிப்பு எப்படித் தயாராகிறது என்று படிக்க ஆரம்பித்தேன். தெற்கே பனிக்கணக்கு ஏன் இப்படிக் குளறுபடியாகிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

வடக்கே மின்னசோட்டா மாநிலத்தில் குளிர்காலத்தில் மேகத்திலிருந்து தரை வரை பெரும்பாலும் எல்லாமே உறைநிலைக்குக் கீழேதான். விழுவது பனி, எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி. இங்கே அப்படியில்லை. தரையோடு ஒட்டி ஒரு மெல்லிய குளிர்ப்படலம், சில நேரம் ஆயிரம் மீட்டர் தடிமன்கூட இருக்காது. அதன் தலைக்கு மேலே மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று. மேலே பனியாகக் கிளம்புவது நடுவில் உருகி மழையாகிறது. கீழே குளிர்ப்படலம் தடிமனாக இருந்தால் மறுபடி உறைந்து ஸ்லீட், அதாவது ஜவ்வரிசி போன்ற மணிகள். மெலிதாக இருந்தால் மழையாகவே விழுந்து, தொட்ட இடத்தில் உறையும். அந்த வெதுவெதுப்பான அடுக்கே இல்லையென்றால் பனி. இந்த மூன்றுக்கும் நடுவில் இருப்பது ஓரிரு டிகிரி. உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும் மாதிரிகளுக்கு இந்த மெல்லிய படலம் சரியாகப் பிடிபடுவதில்லை. பல நேரம் அவை சொல்வதைவிடக் குளிர் சீக்கிரமே வந்துவிடுகிறது.

போதாக்குறைக்கு, இங்கே மழையைக் கொண்டுவரும் மேல்காற்றுச் சுழல் பசிபிக் கடல்மேல் இருக்கும்வரை அதை அளக்கப் பலூன் கிடையாது. வானிலை பலூன்கள் தரையிலிருந்துதான் நாளுக்கு இரண்டு முறை பறக்கின்றன. எங்கள் கணக்கில் காலை 6, மாலை 6 மணி வாக்கில். சுழல் கரை ஏறி அந்தப் பலூன்களுக்குள் சிக்கிய பிறகுதான் படம் தெளிகிறது. அதனால் மூன்று நாள் முன்பு வரை வரும் பனிக் கணக்கை நான் வதந்தி வரிசையில்தான் வைக்கிறேன்.

ஒரே புயல் இரண்டு ஊருக்கு என்ன செய்யும் என்பதற்கு 2023 ஜனவரி 30 முதல் நான்கு நாள். எங்களுக்கு ஜவ்வரிசி. ஜன்னலில் இரவெல்லாம் அரிசி புடைக்கிற சத்தம், சாலையில் வழுவழுப்பு, விமானங்கள் ரத்து, அவ்வளவுதான். மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஆஸ்டினில் ஓரிரு டிகிரி கூடுதல். அங்கே உறையும் மழை. நண்பன் வீடியோ அனுப்பினான். அவன் தெருவின் ஓக் மரத்தில் விரல் தடிமனான கிளைகூடக் கண்ணாடிக் குழாய்க்குள் செருகியதுபோல இருந்தது. ஓக் அங்கே குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத ரகம், இலைக்கு இலை எடை. படாரென்று ஒரு சத்தம், பாதி மரம் அவன் வண்டிமேல். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மின் இணைப்புகள் போயின. முதலில் சொல்லப்பட்டதோ அதைவிடக் குறைவான பனிக்கட்டி. வெப்பநிலை 31, 32 ஃபாரன்ஹீட் என்று அங்கேயே ஊசலாடிக்கொண்டிருந்தது.

சரி, இப்போது எதைப் பார்க்கிறேன்? ஆப்பை நீக்கவில்லை, ஆனால் நாளைக்கும் நாளன்றைக்கும் உள்ள வெப்பநிலைக்கு மட்டும். அடுத்தது அரசு வானிலைச் சேவையின் ஃபோர்ட்வொர்த் அலுவலகம் எழுதும் ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன். இது இலவசம், விளம்பரம் கிடையாது, படமும் கிடையாது. வெறும் எழுத்து. எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் இதைத் திறந்து பார்த்தவர்கள் இரண்டு பேர். முன்னறிவிப்பாளர்கள் எதில் உறுதியாக இருக்கிறார்கள், எதில் இல்லை என்று வெளிப்படையாக எழுதுவார்கள். முதலில் தலை சுற்றும், ஒரு சீசன் படித்தால் பழகிவிடும். அதோடு பனிக்கு அவர்கள் போடும் நிகழ்தகவு வரைபடம். எதிர்பார்ப்பு 2 அங்குலம், கீழ்க்கோடி 0, மேல்கோடி 5 என்று இருந்தால் அந்த 0வுக்கும் 5க்கும் நடுவில் உள்ள தூரம்தான் எனக்குச் செய்தி. 2 வெறும் ஒப்புக்கு.

வாட்ச், வார்னிங் என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாட்ச் என்றால் வாய்ப்பு இருக்கிறது, தயாராகுங்கள். வார்னிங் என்றால் அநேகமாக உறுதி. 2024 அக்டோபரிலிருந்து "விண்ட் சில் வார்னிங்" (காற்றோடு சேர்ந்து உறைக்கும் குளிருக்கான எச்சரிக்கை) என்ற பழைய பெயரை "எக்ஸ்ட்ரீம் கோல்ட் வார்னிங்" என்று மாற்றிவிட்டார்கள். பழைய பெயரைத் தேடினால் கிடைக்காது.

தூக்கி எறிந்தது: வாட்ஸ்ஆப் குழுவில் வரும் ஊதா நிற வரைபடம். வருடாவருடம் யாராவது ஒருவர் "டாலஸுக்கு 14 அங்குலம்!!" என்று அனுப்புவார். அது ஒரே மாதிரியின் ஒரே ஓட்டம். அமெரிக்க மாதிரி நாளுக்கு நான்கு முறை ஓடும், 16 நாள் வரை நீளும். அதில் பிடித்த ஒன்றை எடுத்து உலவ விடுகிறார்கள். அந்த வரைபடங்களில் பல ஸ்லீட்டையும் பனியாகவே எண்ணி, ஓர் அங்குலத் தண்ணீருக்குப் பத்து அங்குலம் பனி என்று பெருக்கிவிடும். ஸ்லீட் அப்படி உப்பாது. ஐரோப்பிய மாதிரியை ஆரம்ப நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 51 தடவை ஓட்டுகிறார்கள். அதில் எத்தனை தடவை பனி வருகிறது என்று கேட்டால் அந்த 14 அங்குலத்தின் யோக்கியதை தெரிந்துவிடும்.

இவ்வளவு தெரிந்தும் 2025 ஜனவரியில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். 9ஆம் தேதிப் புயலுக்குப் பள்ளிகள் இரண்டு நாள் மூடின. எங்கள் பக்கம் வெளுத்திருந்தது, டாலஸுக்குத் தெற்கே இருக்கும் நண்பர் வீட்டில் பெரும்பாலும் மழை. "பார்த்தீங்களா, சொன்னேனே" என்று பெருமையடித்தேன். அடுத்த வாரம் ஹூஸ்டனிலிருந்து மச்சான் கூப்பிட்டு, கடற்கரையோரம் பனிப்புயல் என்கிறார்களே என்றார். "அதெல்லாம் கதை மச்சான், ஹூஸ்டன்ல போய் பனியா?" என்றேன். 21ஆம் தேதி அவர் வீட்டு வாசலில் மூன்று அங்குலம். நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலம், 1963ல் அங்கே பதிவான 2.7 அங்குலச் சாதனை போயே போச்சு. ஃபுளோரிடாவின் மில்டனில் 9 அங்குலத்துக்கு மேல். லூசியானாவின் லேக் சார்லஸ் வானிலை அலுவலகம் தன் வரலாற்றில் முதல்முறையாக பிளிஸார்ட் வார்னிங், அதாவது கடும் பனிப்புயல் எச்சரிக்கை, கொடுத்தது. பல நாள் முன்பிருந்தே மாதிரிகள் அதைப் பிடித்து வைத்திருந்தன. இந்தத் தடவை குளிர் ஆழமாக இறங்கி முன்கூட்டியே உட்கார்ந்திருந்தது, உருக்குவதற்கு நடுவில் வெதுவெதுப்பு பெரிதாக இல்லை. டிஸ்கஷனைப் படித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஹூஸ்டன் என்ற பேரைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மச்சான் இன்னும் அந்தப் போட்டோவை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. 2022 டிசம்பர் 22 குளிரை நாள், நேரம் வரை கச்சிதமாகச் சொன்னார்கள். புதுச் செடி உள்ளே, குழாய்களில் நூல்போலத் தண்ணீர் சொட்டவிட்டாயிற்று, கொல்லைக் குழாய்க்குத் தெர்மோகோல் மூடியும் போட்டேன். ஆனால் பக்கவாட்டுக் குழாயில் செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸைக் கழற்ற மறந்துவிட்டேன். உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து குழாயைப் பிளந்துவிட்டது. பிளம்பர் வர ஒன்பது நாள் ஆனது. ஊரில் எல்லார் வீட்டிலும் அதே வேலை அவருக்கு. இப்போது நவம்பர் கடைசி ஞாயிறன்று, முன்னறிவிப்பு எதையும் பார்க்காமல், முதலில் ஹோஸைக் கழற்றிச் சுருட்டி கராஜில் மாட்டிவிடுகிறேன்.