மலையகப் பயணத்தில் டிப்ஸ்: பில்லோடு போதுமா, கையிலும் கொடுக்க வேண்டுமா?

இலங்கை மலையகத்தில் நுவரெலியா, எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிற நம்மவர்கள் டிப்ஸ் விஷயத்தில் மூன்று கட்சி. டொரொன்டோ, லண்டன் உறவுகள் எங்கே சாப்பிட்டாலும் போனை எடுத்து 15 சதவீதம் கணக்குப் போடுவார்கள். சென்னை, மதுரைக்காரர்கள் மீதிச் சில்லறையைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். மூன்றாவது கட்சி, "வாடகை பேசித்தானே வந்தோம், அதுக்கு மேல என்ன?" என்று கேட்கும். இந்தக் கட்சியில் எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே.

மூன்றுமே அவரவர் ஊரில் சரிதான். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசின் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும்; 1991இலிருந்து அது மாறவே இல்லை. பல மாநிலங்கள் அதைவிடக் கூட்டி வைத்திருந்தாலும், அங்கே டிப்ஸ்தான் பாதிச் சம்பளம். ஜப்பானில் மேசையில் காசு வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று பின்னாலேயே ஓடி வருவார்கள். இலங்கை இந்த இரண்டிலும் சேராது. டிப்ஸ் கிடைக்கிற வேலை என்று சம்பளத்தைக் குறைத்துக் கொடுக்க இங்கே சட்டம் இல்லை. ஆனால் அந்தச் சம்பளம் எவ்வளவு? தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில்தான் 27,000 ரூபாய் ஆனது. 2026 ஜனவரியிலிருந்து 30,000. நல்ல ஹோட்டலில் ஒரு குடும்பம் இரண்டு நாள் தங்கிச் சாப்பிட்டால் அதற்குக் குறையாது.

பில்லில் இருக்கும் 10 சதவீதம்

முதலில் பில்லைப் படியுங்கள். நட்சத்திர ஹோட்டல்களிலும் ஓரளவு பெரிய உணவகங்களிலும் சேவைக் கட்டணம் என்று 10 சதவீதம் சேர்ந்தே வரும். அதன் கீழே 18 சதவீதம் வற் (VAT) வரி இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு, "28 சதவீதம் பிடுங்கிவிட்டார்கள், இதற்கு மேல் ஒரு சதமும் கிடையாது" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. வற் அரசாங்கத்துக்குப் போகிறது. பரிமாறிய தம்பிக்கு அதில் ஒன்றும் இல்லை. சேவைக் கட்டணம் பொதுவாக மாதம் முழுக்கச் சேர்ந்து ஊழியர்களுக்குள் பிரிக்கப்படும். சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவரைப் போல விருந்தாளி கண்ணில் படாதவருக்கும் பங்கு கிடைக்க அதுதான் வழி. ஏப்ரல் சீசனில் நுவரெலியா நிரம்பி வழியும்போது பங்கு கூடும், மழை மாதங்களில் தேய்ந்துவிடும்.

ஆகவே சேவைக் கட்டணம் போட்ட பில்லின் மேல் இன்னொரு 10 அல்லது 15 சதவீதம் வைப்பது என் கணக்கில் வீண். அதே காசைக் கையில் கொடுப்பது நல்லது. சாமானைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியவருக்கு 300 ரூபாய், அறையைக் கூட்டிப் பெருக்குகிறவருக்கு இரவுக்கு 500 என்று வையுங்கள். கடைசி நாள் அவர் லீவில் இருக்கலாம், ஆகவே அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கார்டில் கட்டும்போது டிப்ஸையும் சேர்த்துப் போட்டால் அது முதலில் ஹோட்டல் கணக்குக்குத்தான் போகும். அங்கிருந்து எப்போது, யார் கைக்கு வரும் என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது.

வரவேற்பு மேசையில் இருக்கும் டிப்ஸ் பெட்டி நடுவில் வருகிறது. கையில் கொடுப்பதைவிட நியாயமாகப் பிரியும், கார்டைவிடச் சீக்கிரம் போய்ச் சேரும். ஐந்தாறு பேர் மட்டும் வேலை செய்கிற கெஸ்ட் ஹவுஸில் நான் பெட்டிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். குடும்பமே நடத்துகிற ஹோம்ஸ்டேயில் முதலாளியம்மாவுக்கு டிப்ஸ் நீட்டினால் சங்கடப்படுவார். அங்கே உதவிக்கு வருகிற பிள்ளைக்கு ஏதாவது கொடுங்கள், போதும்.

சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் சேவைக் கட்டணமும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. மீதியை விட்டுவிட்டு வந்தால் சந்தோஷப்படுவார்கள்.

டிரைவருக்கு எப்படி?

உண்மையான கேள்வி இங்கேதான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு, கண்டி, றம்பொடை, நுவரெலியா, எல்ல என்று நாலைந்து நாள் கூடவே இருப்பவர் அவர். றம்பொடை வளைவுகளில் மூடுபனிக்குள் பஸ் எதிரே வரும்போது உங்கள் உயிர் அவர் கையில்.

நாலு வழி இருக்கிறது. எதுவும் கொடுக்காமல் விடலாம். மொத்த வாடகையில் ஒரு சதவீதம் கொடுக்கலாம். நாள் கணக்கில் கொடுக்கலாம். இல்லை, தினமும் இரவு ஒரு தொகையைக் கையில் வைக்கலாம்.

சதவீதம் சரிப்படாது. வாடகையில் பெரும்பகுதி டீசலுக்கும் வண்டிக்கும் போகிறது. ஏசி வேன் எடுத்தவர் பழைய கார் எடுத்தவரைவிட இரண்டு மடங்கு டிப்ஸ் கொடுக்க வேண்டும் என்பதில் அர்த்தம் இல்லை. ஓட்டுகிற பாடு ஒன்றுதான். தினமும் கொடுப்பது கொஞ்சம் கூச்சமான ஏற்பாடு. முதல் நாள் கொடுத்த தொகை மறுநாளுக்கு அளவாகிவிடும். நாள் கணக்குப் போட்டு, கடைசி நாள் இறங்கும்போது உறையில் வைத்து மொத்தமாகக் கொடுப்பதே இங்கே பழக்கம். என் அளவுகோல் நாளுக்கு 1,500 முதல் 2,500 ரூபாய் வரை, ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. சுற்றுலா அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் சாரதி வழிகாட்டி என்றால் மேல் தொகை. ஓட்டுவதோடு கோயில் கதையும் மலைக் கதையும் சொல்வது அவர் வேலை. வண்டி அவருடைய சொந்த வண்டி என்றால் கீழ்த் தொகை போதும், வாடகையே அவருக்குத்தான். கம்பனி வண்டி ஓட்டும் கூலி டிரைவர் என்றால் நான் தாராளமாக இருப்பேன்.

எதுவும் கொடுக்காமல் விடும் கட்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டாலும் அந்தக் காசு வேறு வழியில் உங்களிடமிருந்து போய்விடும். மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டத்தில் சின்னக் குப்பி மூலிகை எண்ணெய்க்குச் சொல்லும் விலையையும், கண்டி மாணிக்கக் கடையில் சொல்லும் விலையையும் பாருங்கள். அதற்குள் அழைத்து வந்தவரின் கமிஷன் இருக்கிறது. டிப்ஸ் வாங்குகிற டிரைவரும் கமிஷன் வாங்குவார், அதை மறைக்க வேண்டாம். ஆனால் முதல் நாளே, "அண்ணே, கடைக்கெல்லாம் வேண்டாம், உங்களுக்குச் சேர வேண்டியதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். பயணத்தில் இரண்டு மணி நேரமும் மிச்சம்.

டிப்ஸைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: டிரைவர் எங்கே தூங்குகிறார்? பெரிய ஹோட்டல்களில் சாரதிகளுக்குத் தனி அறையும் சாப்பாடும் இருக்கும். சின்ன ஹோம்ஸ்டேக்களில் பெரும்பாலும் கிடையாது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். ஜனவரி இரவில் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும். அங்கே வேன் சீட்டில் சுருண்டு கிடந்தவர்தான் காலையில் உங்களை எல்லவுக்கு இறக்குகிறார். நாள் டிப்ஸைக் கூட்டுவதா, அறைக்குக் காசு கட்டுவதா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எனக்கு அறைதான். அறை பதிவு செய்யும்போதே டிரைவருக்கு இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

காசா, பொருளா?

வெளிநாட்டு உறவுகள் சாக்லேட், சட்டை, சென்ட் என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்புக்குக் கொடுப்பது வேறு, டிப்ஸ் வேறு. பொருள் கொடுத்துவிட்டோம் என்று காசைக் குறைக்காதீர்கள். வெளிநாட்டு நாணயக் குற்றிகள் அதைவிட மோசம். இரண்டு டாலர் கனடாக் குற்றியை இங்கே எந்த வங்கியும் மாற்றித் தராது. நோட்டு என்றால் மாற்றலாம், ஆனால் அதற்கு அவர் வேலையை விட்டுவிட்டு டவுனுக்குப் போக வேண்டும். இலங்கை ரூபாயே நல்லது.

கொழுந்து மலையில் படம்

இது டிப்ஸா என்றே சிலர் சண்டை போடுவார்கள். நுவரெலியா வீதி ஓரத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடையோடு நின்று படத்துக்குக் காசு வாங்கும் பெண்களை "கெட்டுப்போய்விட்டார்கள்" என்று திட்டுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. தேயிலைத் தோட்டத்து நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350. பறித்த கொழுந்து கிலோக்கணக்கில் குறைந்தால் அதிலும் வெட்டு விழும். உங்கள் படத்துக்காக நிற்கும் பத்து நிமிஷம் அவருடைய கொழுந்து நேரம்.

"காசு கொடுத்தால் பழக்கிவிடுவோம், அதற்குப் பதில் தோட்டக் கடையில் தேயிலை வாங்கினால் அவர்களுக்கு உதவிதானே?" என்பது எதிர் வாதம். பாக்கெட் விற்றால் லாபம் கம்பனிக்கு. அதற்காக அந்த அக்காவின் நாள் சம்பளம் கூடாது. தேயிலை பிடித்திருந்தால் வாங்குங்கள், உதவி என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். நமக்கு இங்கே ஒரு வசதி, தமிழில் கேட்கலாம். "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, 200, 300 ரூபாயை அவர் கையிலேயே கொடுங்கள். கூட்டிப்போனவரிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்கு டொபி வாரி இறைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

மற்றவை சுருக்கம்தான். எல்லயில் ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போகும் ஆட்டோவில் பேரம் பேசித்தான் ஏறியிருப்பீர்கள், டிப்ஸ் தேவையில்லை. காத்திருக்க வைத்தால் மட்டும் சேர்த்துக் கொடுங்கள். தேயிலை ஃபக்டரியைச் சுற்றிக் காட்டும் பிள்ளைக்கு 300, 500 கொடுத்தால் நல்லது. ரயிலில் இல்லாத சீட்டை உண்டாக்கித் தருகிற உத்தியோகத்தருக்குக் கொடுப்பதற்கு டிப்ஸ் என்று பெயரில்லை, அது லஞ்சம்.

ஏடிஎம் பெரும்பாலும் 5,000 ரூபாய் நோட்டாகவே தரும். டிப்ஸ் கொடுக்க நினைத்த இடத்தில் மாற்றக் காசில்லாமல் விழிப்பவர்கள் ஏராளம். கண்டியில் சூப்பர் மார்க்கெட்டிலோ டீசல் அடிக்கும்போதோ 500, 100 நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொண்டு மலை ஏறுங்கள்.