யூனி-அசிஸ்ட்: 75 யூரோவுக்கு என்ன கிடைக்கும், எது கிடைக்காது

ஜெர்மனியில் முதுகலை படிக்க விண்ணப்பிக்கும் பலர் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் பெர்லினில் இருக்கும் யூனி-அசிஸ்ட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். சுமார் 170 உயர்கல்வி நிறுவனங்களை உறுப்பினர்களாகக் கொண்ட சங்கம் இது. வெளிநாட்டுச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதும், மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றுவதும், விண்ணப்பத்தை உரிய பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதும் இதன் வேலை. இடம் தருவதும் மறுப்பதும் பல்கலைக்கழகம். இணையத்தில் யூனி-அசிஸ்ட்டைத் திட்டுபவர்களில் பாதிப்பேர் திட்டவேண்டிய இடம் வேறு.

ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஐந்து படிப்புகளுக்குப் போட்டால் 195 யூரோ. சில பல்கலைக்கழகங்கள் இந்தச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. கட்டும் முன் அவற்றின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். பணம் முழுதாக வந்துசேரும்வரை விண்ணப்பத்தைத் தொடமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வங்கிவழி அனுப்பும்போது இடையில் உள்ள வங்கி சில யூரோவைப் பிடித்துக்கொள்வதுண்டு. 75 அனுப்பி 68 போய்ச் சேர்ந்தால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். கடன் அட்டையில் கட்டிவிடுவது நிம்மதி. இது பரிசீலனைக் கட்டணம் என்பதால், இடம் கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது.

பணம் கட்டும் முன், நீங்கள் கேட்கும் படிப்பு எந்த வழியில் விண்ணப்பம் வாங்குகிறது என்று பாருங்கள். வழிகள் மூன்று. சில பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட்டைத் தொடாமல் தங்கள் தளத்திலேயே வாங்கிக்கொள்கின்றன. சிலவற்றுக்கு யூனி-அசிஸ்ட்டின் ‘மை அசிஸ்ட்’ தளத்தில் எல்லாவற்றையும் ஏற்றினால் போதும், மிச்சத்தை அவர்கள் அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது வகை விபிடி எனப்படும் முன்பரிசீலனைச் சான்று கேட்கும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இந்த வகை. சான்றை யூனி-அசிஸ்ட்டிடம் வாங்கி, விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத் தளத்தில் தனியாகப் போடவேண்டும். விபிடி வாங்கியதோடு விண்ணப்பம் முடிந்தது என்று நினைத்து ஒரு பருவத்தையே கோட்டைவிடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்கென்று வாங்கிய விபிடியை இன்னொன்றுக்குக் கொடுக்கவும் முடியாது.

இந்தச் சேவையில் காசுக்கு உண்மையான மதிப்பு மதிப்பெண் மாற்றத்தில் இருக்கிறது. ஜெர்மன் அளவில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி. திருத்திய பவேரியச் சூத்திரம் எளிது: உச்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் வாங்கியதைக் கழியுங்கள், உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுங்கள், 3ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். 10க்கு 8 வாங்கியவருக்குத் தேர்ச்சி 4 என்றால் 2.0 வரும், தேர்ச்சி 5 என்றால் 2.2. நூற்றுக்கு 70 வாங்கியவருக்கு இடைவெளி இன்னும் பெரிது: தேர்ச்சி 40 என்றால் 2.5, தேர்ச்சி 50 என்றால் 2.8. 2.5ஐ எல்லையாக வைத்திருக்கும் படிப்பில் முதலாமவர் உள்ளே, இரண்டாமவர் வெளியே. வாங்கிய மதிப்பெண் ஒன்றுதான், தேர்ச்சிக் கோடுதான் வேறு. அந்தக் கோடு பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து ஏற்றுபவர்கள் அதைத் தாங்களே மறைத்துவிடுகிறார்கள். பின்பக்கத்திலும் இல்லையென்றால், மதிப்பீட்டு முறையை விளக்கும் கடிதத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த சிக்கல் பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், கடவுச்சீட்டில் அப்பா பெயர் விரிவாக. நம்மில் பலருக்கு இதுதான் நிலைமை. படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். இரண்டும் ஒருவரே என்று காட்டும் ஆவணத்தையும் முன்கூட்டியே எடுத்துவையுங்கள். ஆங்கிலத்தில் உள்ள சான்றிதழ்களுக்குப் பொதுவாக மொழிபெயர்ப்பு வேண்டாம். இந்தியாவில் பட்டம் பெற்றவர்களுக்கு, சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றும் தேவை. 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு அது கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். ஏபிஎஸ் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அதற்குப் போட்டுவிடுவது நல்லது.

வேகத்தில் யூனி-அசிஸ்ட்டுக்கு நல்ல மதிப்பெண் போட முடியாது. பரிசீலனைக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடைசித் தேதிக்கு எட்டு வாரம் முன்பே அனுப்புங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். குளிர்காலப் பருவத்துக்குப் பரவலான கடைசித் தேதி ஜூலை 15, கோடைப் பருவத்துக்கு ஜனவரி 15. முதுகலையில் பல படிப்புகள் இதற்கு வெகு முன்பே மூடிவிடும். முன்கூட்டி அனுப்புவதில் ஒரு லாபம் உண்டு. ஏதாவது குறைந்தால் மின்னஞ்சல் வரும். கடைசித் தேதிக்குள் அதை ஏற்றிவிடலாம். கடைசி நாளில் அனுப்பியவருக்கு அந்த மின்னஞ்சல் வந்தும் பயனில்லை. தளத்தில் நிலை மாறுவதும் மெதுவாகத்தான். ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தால் அர்த்தம் அவ்வளவே; அனுமதி கிடைத்துவிட்டதாக வீட்டில் சொல்லிவிட வேண்டாம்.

செலவுக்கான பணத்துக்கும் யூனி-அசிஸ்ட்டுக்கும் தொடர்பே இல்லை. உதவித்தொகைக் கேள்வி கேட்டு அவர்களுக்கு எழுதுவது வீண். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, பருவக் கட்டணம் மட்டும்தான். விதிவிலக்குகளும் உண்டு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுகலைக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. விசாவுக்கு முடக்கக் கணக்கில், அதாவது மாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், ஆண்டுக்கு 11,904 யூரோ காட்டவேண்டும். அதிலிருந்து மாதம் 992 எடுக்கலாம். உதவித்தொகைகளில், ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் வளர்ச்சி சார்ந்த முதுகலைத் திட்டத்துக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும், பட்டம் வாங்கி ஆறாண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஜெர்மனி உதவித்தொகை மாதம் 300 யூரோ, எந்த நாட்டவரும் கேட்கலாம், பல்கலைக்கழகத்திடமே விண்ணப்பிக்கவேண்டும். டிஏஏடி திட்டங்கள் பலவற்றின் கடைசித் தேதி படிப்பு தொடங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே வந்துவிடும். யூனி-அசிஸ்ட்டில் கணக்குத் திறக்கும் நாளில் உதவித்தொகையைத் தேடத் தொடங்குபவர்களுக்கு அந்த ஆண்டுக்கான கதவு பெரும்பாலும் மூடியிருக்கும்.